ஹெப்ரான் ஊற்றிய விமானம்

விமானத்தின் இடது இறக்கை ஹெப்ரானின் வலது உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. இடது கையால் பிடித்து இழுத்தார். இப்போது இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன. அந்த நேரம் பார்த்துத்தான் டெபோரா மாடிக் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க! உள்ள என்ன செய்யுதிய? முக்கால் மணி நேரமாச்சு."

"குளிக்கேன்."

"தண்ணிச் சத்தமே கேக்கல?"

"இப்பத்தான் சோப்புப் போடுதேன்."

"முக்கால் மணி நேரமாவா? உள்ள ஆனையா நிக்கி?"

ஹெப்ரான் இறக்கையைச் சுவரில் தேய்த்துப் பிரிக்கப் பார்த்தார். சுவர்ச் சுண்ணாம்புதான் இறக்கையோடு வந்தது.

"அது என்ன, மீன் வாடை அடிக்கி?"

"மீனா? இங்கன எங்க மீனு?"

"அதத்தான் நானும் கேக்கேன். குளியலறைக்குள்ள தூண்டில் போடுதியளா?"

"ஏட்டி, வயிறு சரியில்ல. கொஞ்சம் சும்மா இரு."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? கறிக்குழம்பு வச்சிருக்கேன். உங்களுக்கு இனி மூணு நாளைக்குக் கஞ்சிதான்."

கீழேயிருந்து கறிக்குழம்பு மணம் படியேறி வந்து கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்தது. ஹெப்ரான் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரி, எதுக்கும் தேங்காயெண்ணெ பாட்டில வாசல்ல வைக்கேன். வேணும்னா எடுத்துக்கிடுங்க."

வயிற்றுக்கோளாறுக்கு எதற்குத் தேங்காயெண்ணெய் என்று வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். ஹெப்ரான் யோசிக்கவில்லை. முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளி, பல்லால் மூடியைத் திறந்து, கையில் எண்ணெயைக் கவிழ்த்தார். இறக்கை கழன்று வந்தது. "ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்றார். பாட்டிலை வைத்தவளை நினைக்கவில்லை.

ஹெப்ரானுக்கு வயது அறுபத்திரண்டு. சமாதானபுரத்தில் வீடு. வீட்டுக்காரி டெபோரா கேக் செய்து கொடுப்பவள். கிறிஸ்துமஸ், கல்யாணம், பிறந்தநாள், எதுவென்றாலும் பாளையங்கோட்டையில் பாதிப்பேர் அவளிடம்தான் வருவார்கள். அவளுக்கு எல்லாமே எடைதான். மாவை எடை போடுவாள், சீனியை எடை போடுவாள். ஹெப்ரான் சொல்லும் பொய்யையும் எடை போடுவாள், அதற்குத் தராசு வேண்டியதில்லை.

ஹெப்ரான் ஓய்வு பெறும் வரை கிழக்குக் கடற்கரையில் ஒரு ராணுவத் தளத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு விமானம் உண்டு. ஆள் ஏறுகிற விமானம் இல்லை, தானே பறக்கும். பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கென்றே பறக்கும். பளீரென்று ஆரஞ்சு நிறம் அடித்திருப்பார்கள், குறி தப்பிவிடக் கூடாது என்று. காலையில் கிளம்பிப் போய், எல்லாரிடமும் சூடு வாங்கிவிட்டு, பாராசூட் விரித்துக் கடலில் விழும். படகில் போய் இழுத்து வந்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மறுநாளும் சூடு வாங்க அனுப்புவார்கள். கல்யாணமான ஆண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அந்த விமானத்தில் ஒரு ஊசி இருக்கும். பாராசூட் மூடியில் குத்தியிருப்பார்கள். பறக்க விடுவதற்கு முன் உருவிவிட வேண்டும். உருவாவிட்டால் பாராசூட் விரியாது, விமானம் கல் மாதிரிக் கடலுக்குள் போய்விடும். அதை உருவுவது ஹெப்ரானின் வேலை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஹெப்ரான் அதை மறந்துவிட்டார். விமானத்தைக் கிளப்ப நேரத்தைத் தலைகீழாக எண்ண ஆரம்பித்த பிறகு, கூட வேலை பார்த்த வேதநாயகம் அண்ணாச்சி தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிப் போய் ஊசியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். எண்ணும்போது உள்ளே ஓடியதற்காக அதிகாரி அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். அண்ணாச்சிக்கு அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எதற்கு ஓடினாய் என்று கேட்டதற்கு, "கிறுக்குப் புடிச்சிட்டு சார்" என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொல்லியிருந்தால் ஹெப்ரானுக்கு அன்றோடு வேலை போயிருக்கும். இன்றுவரை அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லை. ஹெப்ரானும் சொல்லவில்லை. டெபோராவிடம்கூட.

அந்த அண்ணாச்சிக்கு வருகிற சனிக்கிழமை எழுபத்தைந்து வயது முடிகிறது. முக்கூடலில் அவர் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், பிறகு சாப்பாடு. வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தால் போதாது என்று ஹெப்ரானுக்குத் தோன்றியது. அந்த விமானத்தையே ஒரு முழ நீளத்துக்கு, அச்சு அசலாகச் செய்து அண்ணாச்சி கையில் கொடுக்க வேண்டும். ஒருத்தர் உதவியும் இல்லாமல், தன் கையாலேயே செய்ய வேண்டும். அதுதான் சங்கல்பம்.

மரத்தில் செதுக்கினார். அது நன்றாகவே வந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த மரத்துக்கு ரப்பர் மாதிரி ஒரு பசையில் அச்சு எடுத்தார். அதுவும் நன்றாக வந்தது. இனி அச்சுக்குள் ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினை ஊற்ற வேண்டும். ரெசின் தானாக இறுகாது, மீன் வாடை அடிக்கும் ஹார்டனர் கலந்தால்தான் இறுகும். எவ்வளவு கலக்க வேண்டும் என்று டப்பாவோடு ஒரு காகிதம் வைத்திருந்தார்கள். ஹெப்ரான் அதைக் கசக்கிக் குப்பையில் போட்டார். முப்பது வருஷம் விமானத்தோடு இருந்த ஆளுக்குக் காகிதம் எதற்கு? ரசக்கரண்டியால் கண்ணளவாக ஊற்றினார். நன்றாக இறுகட்டும் என்று ஹார்டனரில் ரெண்டு கரண்டி கூடவே ஊற்றினார். அங்கேதான் தொலைந்தது. ஹார்டனர் கூடிவிட்டால் ரெசின் இறுகவே இறுகாது. பலாப்பழப் பால் மாதிரி பிசுபிசுவென்று அப்படியே நிற்கும்.

இறக்கை கையில் ஒட்டிய அன்று செவ்வாய்க்கிழமை. பிசுபிசுத்த துண்டுகளை மறுபடி அச்சுக்குள் அமுக்கி, மொட்டைமாடி வெயிலில் வைத்து, பனையோலைப் பெட்டியால் மூடிவிட்டுக் கீழே வந்தார். கஞ்சி ஆறிப் போயிருந்தது. டெபோரா எதிரில் உட்கார்ந்து கறியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என் ஆறு இஞ்சு கேக் தட்டு ஒண்ணக் காணும். பாத்தியளா?"

அந்தத் தட்டில்தான் விமானத்துக்குப் பீடம் ஊற்றி வைத்திருந்தார் ஹெப்ரான்.

"எலி கொண்டு போயிருக்கும்."

"இரும்புத் தட்டையா?"

"பெரிய எலியா இருக்கும்."

"ரசக்கரண்டியையும் அந்த எலிதான் கொண்டு போச்சோ?"

"ரசம் குடிக்க வேண்டாமா அதுக்கு?"

டெபோரா சிரிக்கவில்லை. இன்னொரு எலும்பை எடுத்துக்கொண்டாள். ஹெப்ரானுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒண்ணும் தெரியாத பொம்பள, நல்லா ஏமாத்திட்டோம் என்று கஞ்சியைக் குடித்தார்.

புதன்கிழமை காலையில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. போதாததற்கு ஒரு பல்லி வந்து வாலை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஹெப்ரானுக்கு அழுகை வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்றே நாள். அண்ணாச்சிக்குப் போன வருஷம் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அடுத்த பிறந்தநாளுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. மாடியிலேயே முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, நீர் தண்ணியைத் திராட்சரசம் ஆக்கினீர். இதை மட்டும் கெட்டியாக்கித் தாரும்."

"மாடியில யார்ட்ட பேசுதிய?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஆண்டவர்ட்ட!"

"பேசி முடிச்சிட்டு வாங்க. ஸ்ரீவைகுண்டத்துல பாக்கியவதியக்கா வீட்டுல வாழத்தார் வெட்டிருக்காளாம். போய்த் தூக்கிட்டு வந்திருங்க."

"இன்னைக்கா? வயித்துவலி வேற..."

"பஸ்ஸுல இருந்துட்டுத்தான போறிய? வயிறா நடக்கப் போகுது?"

போனார். போகாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது. பாக்கியவதி அக்கா சாயங்காலம் வரை விடவில்லை. அவர் வந்து சேர்ந்ததும் அக்கா யாருக்கோ போன் போட்டு, "வந்துட்டாரு, நீ அவசரப்படாம, பையச் செய்யி" என்று சொன்னது ஹெப்ரான் காதில் விழுந்தது. அவர் காதில் விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன. வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு பொழுது சாய வீடு வந்து, நேரே மாடிப்படியில் காலை வைத்தார்.

"எங்க போறிய?"

"காத்து வாங்க."

"மாடியில வத்தல் பிழிஞ்சு போட்டிருக்கேன். நாள சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு கால் வைக்கக் கூடாது. வச்சா, வத்தலோட உங்களையும் காயப் போட்டிருவேன்."

அவள் செய்யக்கூடியவள்தான். ஹெப்ரான் காலை எடுத்துக்கொண்டார். வியாழன் முழுவதும் வாழைப்பழத்தை எண்ணிக்கொண்டும் ஜெபம் பண்ணிக்கொண்டும் கிடந்தார். சாயங்காலம் அவள் வத்தலை அள்ளிக்கொண்டு இறங்கியதும் நாலு நாலு படியாக ஏறினார். பெட்டியைத் தூக்கினார். அச்சைப் பிரித்தார்.

இறுகியிருந்தது. விரலால் தட்டினால் டக் டக் என்றது. இறக்கை, உடம்பு, வால், பீடம் எல்லாமே பாறை மாதிரி. பிசுபிசுப்பைக் காணோம். பல்லிவாலையும் காணோம். பல்லிவால் எங்கே போனது என்று இந்த இடத்திலாவது யோசித்திருக்கலாம். ஹெப்ரான் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, "அல்லேலூயா!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுப் புறாக்கள் எல்லாம் பறந்தன.

வெள்ளிக்கிழமை தேய்த்து, ஒட்டி, ஆரஞ்சு நிறம் அடித்தார். நிஜ விமானத்தில் கடலுப்பு பட்டு மங்கிப்போன இடத்தில்கூட அதே மங்கலைக் கொண்டுவந்தார். பாராசூட் மூடியில் குண்டூசி முனையளவுக்கு அந்த ஊசி ஓட்டையையும் போட்டார். அந்த வேலை முழுக்க அவருடையது, யாரும் பங்கு கேட்க முடியாது. காய்ந்ததும் கொண்டு வந்து அடுக்களை மேடையில் வைத்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

டெபோரா மாவுக்கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாடி! இது என்ன, நீங்களா செஞ்சிய?"

"பின்ன? ரெசின் வேல. அண்ணாச்சிக்கு."

"இதுக்குத்தான் குளியலறையில கிடந்தியளா? கஷ்டமான வேலையோ?"

"உனக்குச் சொன்னா வெளங்காது. கை எடை தெரியணும். கொஞ்சம் கூடுனாலும் போச்சு, கொறஞ்சாலும் போச்சு."

"அப்படியா?" என்றாள் டெபோரா. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "சரி, கேக் பெட்டியில வச்சுப் பொதிஞ்சு தாரேன். ஆனா ஒண்ணு. நீங்க அங்க எழும்பி சாட்சி சொல்லுததுக்கு முன்னால, அடியத் திருப்பி ஒரு தடவ பாத்துக்கிடுங்க."

"அடியில என்ன இருக்கு? அங்கனயும் பெயிண்டு சரியாத்தான் அடிச்சிருக்கு."

"எதுக்கும் பாத்துக்கிடுங்க."

சனிக்கிழமை முக்கூடல் பஸ்ஸில் மறுபடியும் சொன்னாள். "திருப்பிப் பாத்தியளா?" "பாக்கேன், பாக்கேன்." அண்ணாச்சி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூன்றாவது தடவை சொன்னாள். "இப்பவாது பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்." "ஏட்டி, ஆளுக முன்னால நச்சரிக்காத" என்றார் ஹெப்ரான்.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். பாட்டு முடிந்தது, வேதபாடம் முடிந்தது. இனி சாட்சி. ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழும்பிச் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், அதுதான் சாட்சி. கறிச்சோறு வெந்துகொண்டிருந்ததால் எல்லாரும் சுருக்கமாக முடித்தார்கள். ஹெப்ரான் முறை வந்தது. விமானத்தைத் தூக்கிக்கொண்டு போய் அண்ணாச்சி மடியில் வைத்தார்.

அண்ணாச்சி தடவிப் பார்த்தார். நிறத்தைப் பார்த்தார். மூடியில் இருந்த ஓட்டையில் விரல் நுனியை வைத்தார். அவர் தாடை ஆடியது. அத்தோடு உட்கார்ந்திருந்தால் ஹெப்ரான் பிழைத்திருப்பார். மைக் கையில் இருந்தது.

"பிரியமானவர்களே! இத நான் ஒத்த ஆளாச் செஞ்சேன். ஒருத்தரும் ஒரு கை குடுக்கல. என் வீட்டுக்காரிக்கே நேத்துத்தான் தெரியும். ரெசின் வேலைங்கது, கேக்கு செய்யுத மாதிரி லேசான காரியம் இல்ல. இருந்தாலும் மொதல்ல எனக்குக் கைகூடல. மொட்டமாடியில முழங்கால் போட்டு ஜெபிச்சேன். ரெண்டே நாள்ல பாறையா இறுகிட்டு! இது ஆண்டவர் செஞ்ச அற்புதம்!"

"ஆமென்!" என்றது பந்தல்.

அண்ணாச்சி முப்பத்தைந்து வருஷம் விமானம் சரிபார்த்த ஆள். எது கையில் கிடைத்தாலும் அடியைத் திருப்பிப் பார்ப்பார், சோற்றுத் தட்டானாலும் சரி. விமானத்தைத் திருப்பினார். பீடத்தின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தளத்தில் வாசிக்கிற அதே குரலில் சத்தமாக வாசித்தார்.

"டெபோரா ஹோம் கேக்ஸ், சமாதானபுரம். பொருள்: விமானம் ஒண்ணு. சேர்மானம்: ரெசின் நானூறு கிராம், ஹார்டனர் நூத்தியெம்பது கிராம். ஊத்துன நாள்: புதன். முட்டை சேர்க்கவில்லை."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சபை ஐயர் முதலில் சிரித்தார். குருவானவரே சிரித்த பிறகு மற்றவர்கள் எதற்கு அடக்க வேண்டும்? பந்தல்கால் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

ஹெப்ரான் மைக்கோடு திரும்பினார். டெபோரா பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"நீயா ஊத்துன?"

"நீங்க கசக்கிப் போட்ட காயிதத்த எடுத்து வாசிச்சேன். ரெண்டாவது டப்பா பிரிக்காமக் கிடந்துச்சு. எடை போட்டு ஊத்துனேன். சோடா உப்பக் கூடப் போட்டா கேக்கு கூடப் பொங்குமா? அது மாதிரிதான் இதுவும்."

"என்ட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா கேப்பியளா? அடியப் பாருங்கன்னு மூணு தடவ சொன்னேன். அதயே கேக்கல."

"ஏலே ஹெப்ரான்," என்றார் அண்ணாச்சி. அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒனக்கு வாச்சவ நல்ல பொம்பளதாம்லே. இப்போ உள்ளத உள்ளபடி சாட்சி சொல்லு."

டெபோரா எழுந்து வந்து, அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "ஏங்க, 'ஸ்தோத்திரம்'னு ஒத்த வார்த்த சொல்லிட்டு உக்காந்திருங்க," என்றாள் காதுக்குள். "வேற ஒண்ணும் பேசாதிய. எல போட்டாச்சு."

நல்ல புத்தி. ஊரில் உள்ள எல்லா மனைவிமார்களும் எல்லாப் புருஷன்மார்களுக்கும் சொல்லக்கூடிய புத்தி.

ஹெப்ரான் மைக்கை வாயருகில் கொண்டுபோனார்.

"இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னால, நான் ஒரு ஊசிய எடுக்க மறந்துட்டேன்," என்றார்.

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "ஏலே, வேண்டாம்லே" என்று கையைக் காட்டினார். ஹெப்ரான் நிறுத்தவில்லை. ஊசியைச் சொன்னார். தடுப்புக் கயிற்றைச் சொன்னார். வராமல் போன பதவி உயர்வைச் சொன்னார். அண்ணாச்சியின் வீட்டுக்காரிக்கே அது புதுச் செய்தி, அவள் வாயைப் பிளந்துகொண்டு புருஷனைப் பார்த்தாள். டெபோரா சட்டையை இழுப்பதை விட்டுவிட்டாள். அவளுக்கும் புதுச் செய்திதான்.

பிறகு ஹெப்ரான் இந்த வாரத்துக்கு வந்தார். ஒட்டிக்கொண்ட இறக்கை, மீன் வாடை, கஞ்சி, ரசம் குடிக்கிற எலி, பல்லிவால் எல்லாம் வரிசையாக வந்தன. வாசலில் வைத்த தேங்காயெண்ணெய் பாட்டிலுக்கு வந்தபோது குரல் உடைந்தது.

"எம் பொழப்புல நான் விட்ட பிழைய ரெண்டு பேரு சரி பண்ணிட்டு, வாயத் தொறக்காம இருந்திருக்காவ. ஒருத்தரு இந்தா இருக்காரு. இன்னொருத்தி, இந்தா என் சட்டையப் பிடிச்சிட்டு நிக்கா."

பந்தலில் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சமையல்காரர் இசக்கிதுரை கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சோறு குழைந்துவிடும் என்று சைகை காட்டினார்.

"சொல்லியாச்சுல்லா?" என்றாள் டெபோரா. அவள் கண்ணும் சிவந்திருந்தது. ஆனால் குரல் சிவக்கவில்லை. "கறி ஆறுது. இருங்க."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார் ஹெப்ரான், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "எங்க கல்யாணத்து அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..."

"இருங்கன்னு சொல்லுதேன்லா!"

ஹெப்ரான் உட்காரவில்லை.